ஹாலோகிராமுக்கு ஒரு கும்பிடு

"ஒரிஜினல் போடட்டுமா சார், லோக்கல் போடட்டுமா?"

பெங்களூரு பிரேசர் டவுனில் எந்த ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டாலும் இந்தக் கேள்வி தப்பாது. ஜாக்கியில் வண்டி ஏறும், சக்கரம் கழலும், மெக்கானிக் உள்ளே எட்டிப் பார்த்து நிமிர்வார், கேட்டுவிடுவார். தமிழில் கேட்பார், தக்கினி உருதுவில் கேட்பார், கன்னடத்தில் கேட்பார். உடனே நாம் என்ன செய்கிறோம்? மாதத்தின் முதல் வாரமா, கடைசி வாரமா என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போடுகிறோம். முதல் வாரம் என்றால் "ஒரிஜினலே போட்டுடுங்க." கடைசி வாரம் என்றால் "லோக்கல் எவ்வளவு வரும்?" ஆயிரம் கிலோ இரும்பை ஓட்டத்தில் நிறுத்த வேண்டிய பொருள் எது என்பதை நம் சம்பளத் தேதி முடிவு செய்கிறது. இதைச் சிந்தனை என்று சொல்ல உங்களுக்கு மனம் வருகிறதா?

கைப்பேசி வாங்கும் முன் நாள்கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கிறவர்கள்தாம் நாம். கேமராவின் மெகாபிக்சல் தெரியும், பேட்டரியின் அளவு தெரியும். காரின் பிரேக் பேடு யார் செய்தது என்று கேட்டால் முழிக்கிறோம். கைப்பேசி கெட்டால் ஒரு மாலைப் பொழுது கெடும். பிரேக் கெட்டால்?

இந்த விஷயத்தில் ஊருக்குள் இரண்டு மதங்கள் நடமாடுகின்றன. ஒன்று கம்பெனி பார்ட் மதம். ஷோரூம்தான் கோயில், டப்பாவில் மினுக்கும் ஹாலோகிராம்தான் மூலவர், பில் தொகை எவ்வளவு பெரிதோ அவ்வளவு புண்ணியம். மற்றது 'எல்லாம் ஒண்ணுதான் சார்' மதம். இவர்களுக்கு ஷோரூம்காரர் கொள்ளைக்காரர். டப்பாவுக்குத்தான் காசு, உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான் என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்வார்கள். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஆபத்து. முழுப் பொய்யை ஒருநாள் கண்டுபிடித்துவிடலாம், பாதி உண்மையோடு ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்தலாம். கையில் இருக்கும் பொருளைத் திருப்பிப் பார்க்காமலிருப்பதில் மட்டும் இரு மதத்தாரும் ஒற்றுமை.

பிரேசர் டவுனில் நின்றுகொண்டு இப்படி இருப்பது கூடுதல் வெட்கம். இந்தப் பகுதியே ஒரு பகுத்தறிவு முடிவில் பிறந்தது. 1898 ஆகஸ்டில் பெங்களூருக்குள் பிளேக் நுழைந்தது. ஊர் இரண்டு விதமாகப் பதில் சொன்னது. ஒரு பதில், பிளேக் அம்மன் கோயில்கள். அப்படி எழுந்த கோயில்கள் இன்றும் இந்த நகரத்தில் இருக்கின்றன. பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு அம்மன் முன் நின்றவரை நான் எள்ளவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் வாதம் செய்வது பகுத்தறிவு ஆகாது. ஆனால் இன்னொரு பதிலும் இருந்தது. நெரிசலான கண்டோன்மென்ட் சந்துகளிலிருந்து மக்களை வெளியே கொண்டுவந்து அகலமான தெரு, கழிவு வண்டி போகப் பின்சந்து, காற்றோட்டம், எலி புகாத வீடு என்று புதிய பகுதிகளை அமைத்தார்கள். அதில் ஒன்றுக்கு அன்றைய மைசூர் ரெசிடென்ட் ஸ்டூவர்ட் பிரேசரின் பெயர். நகராட்சிப் பொறியாளர் ஜே. எச். ஸ்டீபன்ஸ் இந்த அனுபவத்தை வைத்து, பிளேக் அண்டாமல் நகரம் அமைப்பது எப்படி என்று 1914இல் ஒரு புத்தகமே எழுதினார். எலி எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று குனிந்து பார்த்தவர்கள் கட்டிய தெரு இது.

அதே தெருவில் இன்று போகிற கார்களைப் பாருங்கள். பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்குகின்றன. கண்ணாடியில் ஜெபமாலை ஆடுகிறது. பின்பக்கம் அரபி எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். எந்த மதத்தையும் விட்டுவைத்ததாக இருக்கக் கூடாது அல்லவா, அதனால் மூன்றையும் சொல்கிறேன். ஆயுத பூஜையன்று ஸ்டியரிங்குக்குச் சந்தனம், பானெட்டுக்கு மாலை, டயருக்கு அடியில் எலுமிச்சை. நம்பிக்கை உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். சந்தனம் பூசிய அந்தக் கையால் பிரேக் பேடின் கனம் எவ்வளவு மிச்சம் என்று ஒருமுறையாவது பார்த்ததுண்டா?

முதலில் கம்பெனி பார்ட் மதத்தை எடுத்துக்கொள்வோம். கார் கம்பெனி காரைச் செய்கிறது என்று நினைக்கிறோம். பாதிக்கு மேல் அது கோக்கிற வேலைதான். பிரேக் ஒருவரிடமிருந்து, ஸ்டார்ட்டர் மோட்டார் இன்னொருவரிடமிருந்து, சக்கரம் வேறொருவரிடமிருந்து வரும். சென்னைப் பாடியில் 1960களின் தொடக்கத்தில் வரிசையாக எழுந்த ஆலைகளை நினைத்துப் பாருங்கள்: வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன். அம்பத்தூரில் ரானே. நம் பெங்களூரு ஆடுகோடியில் மைகோ. கம்பெனி 2008இல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் மைகோ லேஅவுட் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட ஆலைகளில் செய்யும் பொருள் கார் கம்பெனிக்கும் போகிறது. பல பாகங்கள் செய்தவரின் சொந்தப் பெயரில் சொந்த டப்பாவில் பெங்களூரு ஜே.சி. ரோடு உதிரிக் கடைகளுக்கும் வருகின்றன. கார் கம்பெனியின் டப்பாவில் இருந்தால் ஒரு விலை, செய்தவரின் டப்பாவில் இருந்தால் குறைந்த விலை. ஒவ்வொரு பாகத்திலும் இரண்டும் அச்சு அசலாக ஒன்று என்று சொல்ல மாட்டேன். கலவையும் அளவுகளும் மாறலாம். ஆனால் கார் கம்பெனியின் பெயர் இல்லாததெல்லாம் போலி என்பவர், பாடியில் ஷிஃப்ட் முடித்து வெளியே வரும் தொழிலாளியின் திறமையையே மறுக்கிறார்.

அந்தச் சொந்த டப்பா ஏன் எல்லாப் பாகத்துக்கும் கிடைப்பதில்லை? இதற்குப் பதில் அரசின் ஆவணத்திலேயே இருக்கிறது. ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் ஒரு புகார் கொடுத்தார். உதிரிப் பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் கார் கம்பெனிகள் அடைத்து வைக்கின்றன என்பதே புகார். மூன்று கம்பெனிகளில் தொடங்கிய விசாரணை பரவியது. 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கம்பெனிகளுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது ஆணையம். மாருதி, டாடா, மகிந்திரா, ஹோண்டா, டொயோட்டா, ஃபோர்டு என்று நம் தெருவில் ஓடும் பெயர்கள் பலவும் அந்தப் பட்டியலில் இருந்தன. பாகம் செய்து தருகிறவர்கள் வெளியே விற்கக் கூடாது என்று ஒப்பந்தம். தனியார் ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பாகமும் கிடையாது, கோளாறு கண்டுபிடிக்கும் கருவியும் கிடையாது. விலையில் வைத்த லாபமோ நூறு சதவீதத்தில் தொடங்கி, சில பாகங்களுக்கு ஆயிரக்கணக்கான சதவீதம் வரை போனது. வெளியில் சர்வீஸ் செய்தால் வாரண்டி போய்விடும் என்று ஒட்டுமொத்தமாக மிரட்டக் கூடாது என்றும் அந்த உத்தரவு சொன்னது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின, வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. மிரட்டல் நின்றதா? "வெளிய கை வெச்சா வாரண்டி கட் ஆயிடும் சார்" என்ற வாசகத்தை நீங்களும்தான் கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று எத்தனை பேர் கேட்டோம்?

அப்படியென்றால் கம்பெனி டப்பாவில் வருவது விலை அதிகமானாலும் பத்திரமாவது உறுதிதானே? இங்கேதான் ஹாலோகிராம் பக்தரிடம் எனக்குப் பெரிய சண்டை.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் இக்னிஷன் சுவிட்ச் ஒன்று இருந்தது. பட்டறையில் செய்த போலி அல்ல, கம்பெனியே வரைந்து, கம்பெனியே ஒப்புக்கொண்டு, கம்பெனியே போட்ட அசல். சாவிக்கொத்தின் கனமோ முழங்கால் இடியோ போதும், ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி தானாகத் திரும்பி எஞ்சின் அணையும், ஏர்பேக்கும் செயலிழக்கும். கோளாறு கம்பெனிக்குள் ஆண்டுக்கணக்கில் தெரிந்தே இருந்தது. 2006இல் ஒரு பொறியாளர் திருத்திய சுவிட்சுக்கு அனுமதி கொடுத்தார், ஆனால் பாகத்தின் எண்ணை மாற்றவில்லை. பழையதற்கும் புதியதற்கும் ஒரே எண். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எதுவும் மாறவில்லை. கம்பெனி 2014இல்தான் கார்களைத் திரும்ப அழைத்தது. கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி ஒப்புக்கொண்ட மரணங்கள் 124. அந்த சுவிட்சைச் சரிசெய்யும் செலவு ஒரு டாலர்கூட இல்லை என்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவில் பேசப்பட்டது.

ஏர்பேக் செய்த ஜப்பானின் டகாட்டா கம்பெனியின் கதையும் தெரிந்ததுதான். உயிர் காக்க வேண்டிய ஏர்பேக், அமோனியம் நைட்ரேட் நிரப்பிய உலோகக் கூட்டோடு வெடித்து, உலோகத் துணுக்குகளை ஓட்டுநரின் கழுத்தில் பாய்ச்சியது. அதுவும் அசல்தான். உலகின் பெரிய கார் கம்பெனிகள் பலவும் அதை வாங்கிப் பொருத்தியிருந்தன. இந்தியாவிலும் ஹோண்டா லட்சக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்து ஏர்பேக் உறுப்பை மாற்றிக் கொடுத்தது. டகாட்டா 2017இல் திவாலானது. சோதனை முடிவுகளைத் திருத்திக் காட்டியதாக அந்தக் கம்பெனியே அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது.

ஆக, பெயருக்கு முன்னால் சிந்தனையைக் கழற்றி வைப்பது ஆபத்து. அந்தப் பெயர் வானத்திலிருந்து வந்தாலும் சரி, ஜப்பானிலிருந்து வந்தாலும் சரி.

இதைப் படித்ததும் இரண்டாவது மதத்தாருக்கு வாயெல்லாம் பல்லாக இருக்கும். "அதான் சொன்னேனே, எல்லாம் ஒண்ணுதான்!" கொஞ்சம் பொறுங்கள் ஐயா, அடுத்தது உங்கள் முறை.

கடையில் 'லோக்கல்' என்று ஒரே கூடையில் போடுவது உண்மையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சரக்கு. கார் கம்பெனிக்குச் செய்து தருகிறவரே தன் பெயரில் விற்பது ஒன்று. கார் கம்பெனிக்குக் கொடுக்காவிட்டாலும் தன் பெயர், முகவரி, பேட்ச் எண் எல்லாம் போட்டு ஒழுங்காகச் செய்கிறவரின் பொருள் இன்னொன்று. சிவாஜிநகர் குஜிரிச் சந்தையிலும் சென்னைப் புதுப்பேட்டையிலும் கிடைக்கும், பழைய வண்டியிலிருந்து கழற்றிய அசல் வேறொன்று. பெயரே இல்லாமல் வெறும் பாலித்தீன் உறையில் வருவது மற்றொன்று. கடைசியாக, பிறர் பெயரைத் திருடி அதே டப்பா, அதே எழுத்து, ஹாலோகிராம்கூட அச்சடித்து வரும் டூப்ளிகேட். முதல் இரண்டை வாங்குவது புத்திசாலித்தனம். கடைசியை வாங்குவது குற்றத்துக்குக் கைகொடுப்பது. இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிற ஒரு மதம் தன்னைச் சிக்கனம் என்று பாராட்டிக்கொள்கிறது!

போலி பிரேக் பேடு உடனே மாட்டிக்கொள்ளாது. அதன் சூட்சுமமே அங்குதான். பிரேசர் டவுன் மாஸ்க் ரோடில் மாலை ஏழு மணியளவில், மணிக்கு இருபது கிலோமீட்டரில் ஊர்ந்து போகும்போது அசலும் போலியும் ஒரே மாதிரிதான் நிற்கும். காய்ந்த ரொட்டித் துண்டை வைத்து அழுத்தினாலும் அந்த வேகத்தில் வண்டி நின்றுவிடும். பேடு என்பது உராய்வுப் பொருள்களை ரெசினில் குழைத்துச் சூட்டில் அழுத்திய கலவை. சூடு ஏற ஏறத் தரமற்ற ரெசின் சிதையும், வாயு கிளம்பும், பேடுக்கும் டிஸ்குக்கும் நடுவே பிடிப்பு தளரும். எவ்வளவு அழுத்தி மிதித்தாலும் வண்டி நிற்காது. இது தெரிய வேண்டிய இடம் பிரேசர் டவுன் அல்ல, மலை. பெங்களூரிலிருந்து மசினகுடி வழியாக ஊட்டி போகிறவர்களுக்குக் கல்லட்டி மலைப்பாதை தெரியும்: 36 கொண்டை ஊசி வளைவுகள். வெளியூர் வண்டிகள் அந்த வழியாக இறங்கக் கட்டுப்பாடு போடும் அளவுக்கு அங்கே விபத்துகள் நடந்திருக்கின்றன. (நியூட்ரலில் போட்டு இறங்குகிறவருக்கு நல்ல பேடும் துணை நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கியரில் இறங்கத் தெரியாதவர் உதிரியைக் குறை சொல்ல வேண்டாம்.)

அற்புதம் செய்கிறவர்களுக்கும் இந்தப் பேடுக்கும் ஒரு குணம் பொது. சோதனை இல்லாத இடத்தில்தான் இரண்டும் நன்றாக வேலை செய்யும். பெங்களூர் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த எச். நரசிம்மையா 1976இல் அற்புதங்களை ஆராய ஒரு குழு அமைத்து, புட்டபர்த்தி சாய்பாபாவுக்குக் கடிதம் எழுதினார். எங்கள் முன்னால், எங்கள் நிபந்தனைகளின்படி செய்து காட்டுங்கள் என்றார். சோதனைக்கு சாய்பாபா உடன்படவில்லை. அதே 1976இல்தான் அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தில் சேர்த்தார்கள். அந்தக் கடமை பாபாக்களோடு முடிந்துவிடுகிறதா? கவுண்டரில் ஒரு டப்பாவை நீட்டி "கண்ணை மூடிக்கிட்டு போடுங்க சார், கியாரண்டி" என்கிறவரிடம் அது கிடையாதா? கண்ணை மூடச் சொல்கிற யாரிடமும் கண்ணைத் திறந்து வைப்பதுதானே அந்தக் கடமை?

மருந்தில் ஜெனரிக் வாங்குகிறோமே, இதில் மட்டும் என்ன என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. ஜெனரிக் மருந்து ஏழையின் உரிமை, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் அந்த மாத்திரை உரிமம் பெற்ற ஆலையில், மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் கண் முன்னால், உள்ளே என்ன மருந்து எத்தனை மில்லிகிராம் என்று அச்சடித்து வருகிறது. பாலித்தீன் உறையில் வரும் ஸ்டியரிங் டை ராடு எண்டில் என்ன அச்சடித்திருக்கிறது? மருந்துக்குக் கேட்கும் அதே முகவரியை இரும்புக்கும் கேளுங்கள். கொடுத்தால் தாராளமாக வாங்குங்கள்.

இப்போது பணம். காசு இல்லாதவர் என்ன செய்வார் என்ற கேள்வியைத் தட்டிக் கழிக்கிறவர் பகுத்தறிவாளர் அல்ல, வசதியானவர். வாடகை டாக்சி ஓட்டுகிறவருக்குக் கம்பெனி விலை கட்டாது. இன்சூரன்ஸ்கூடப் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானமாகக் கழித்துவிட்டுத்தான் கொடுக்கிறது. 2025 செப்டம்பர் வரை பல உதிரிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், பிறகுதான் 18 ஆனது. பில் வேண்டாம் என்று சொல்ல இவ்வளவு காரணம் இருந்தது. புரிகிறது. ஆனால் ஏழ்மைக்குப் பதில் எல்லாவற்றிலும் மலிவானதை வாங்குவதா? எதில் மலிவு பார்க்கலாம், எதில் கூடாது என்று பிரிப்பதுதானே?

பம்பர் உடைந்ததா? புதுப்பேட்டைக்குப் போங்கள், பழைய அசல் கிடைக்கும், டிங்கரிங்கும் பெயிண்டும் செய்தால் போதும். பழைய பொருள் என்றாலே திருட்டுப் பொருள் என்று மூக்கைச் சுளிப்பது அந்தத் தொழிலாளிகளை அவமதிப்பது. எங்கிருந்து கழற்றியது என்று கேட்டு, பில் வாங்கினால் முடிந்தது. கதவுக் கைப்பிடி, மேட், ஏசி ஃபில்டர், வைப்பர், பக்கக் கண்ணாடியின் மூடி: எது மலிவோ அது. ஷோரூமில் இதற்கெல்லாம் கம்பெனி விலை கொடுக்கிறவர் தன் கௌரவத்துக்குப் பணம் கட்டுகிறார், அது அவர் இஷ்டம். ஆனால் பிரேக், ஸ்டியரிங், பால் ஜாயிண்ட், டயர், சீட் பெல்ட், ஏர்பேக் என்று வரும்போது செய்தவரின் பெயரும் பில்லும் இல்லாத எதையும் தொடாதீர்கள். ஏர்பேக்கில் கூடுதல் கவனம் வேண்டும். 2024இல் டெல்லியில் பல கார் கம்பெனிகளின் பெயரில் நூற்றுக்கணக்கான போலி ஏர்பேக்குகளைப் போலீஸ் பிடித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவிலும், விபத்துக்குப் பின் பொருத்திய தரமற்ற மாற்று ஏர்பேக் வெடித்து ஆட்கள் இறந்ததாக அரசு எச்சரித்தது. அந்தக் கார்களை வாங்கியவர்களுக்கு உள்ளே இருந்தது எது என்றே தெரியாது.

நடுவில் நிற்கிற பாகங்களும் உண்டு. ஆயில் ஃபில்டர் யாரையும் நேரடியாகக் கொல்லாது, எஞ்சினைக் கொல்லும். டைமிங் பெல்ட் அறுந்தால் சில எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதும், மிச்சப்படுத்திய தொகையைப் போலப் பல மடங்கு செலவு வைக்கும். அங்கே இழப்பு உங்களுடையது, கணக்கும் உங்களுடையது. வயது வந்தவர்கள் நாம், நம் பணத்தை நாம் எப்படி இழக்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை நமக்கு இருக்கிறது.

பிரேக்கில் அந்த உரிமை கிடையாது. ஏன் கிடையாது?

ரம்ஜான் மாத இரவில் மாஸ்க் ரோடுக்கு வாருங்கள். ஹலீமுக்கும் கபாப்புக்கும் ஊரே கூடியிருக்கும். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவைக் கடப்பார் ஒருவர். உங்கள் கார் நிற்கும் என்று நம்பித்தான் கடக்கிறார். ஆண்டவனை அல்ல, உங்களை நம்பி. நீங்கள் மிச்சம் பிடித்த ரூபாயில் அவருக்குப் பங்கு உண்டா? "லோக்கலே போடுங்க" என்று சொன்னபோது அவரிடம் கேட்டீர்களா? உங்கள் உயிரை நீங்கள் பந்தயம் வைக்கலாம். அவர் உயிரை வைக்க யார் அதிகாரம் கொடுத்தது? 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் எத்தனை பேர் கெட்ட உதிரியால் இறந்தார்கள் என்று பிரித்துப் பார்க்க நாம் மெனக்கெடுவதில்லை. 'பிரேக் பிடிக்காததால்' என்று செய்தியில் ஒரு வரி வரும். பேடு யார் செய்தது, எங்கே வாங்கியது, பில் இருக்கிறதா என்ற அடுத்த வரி வரவே வராது. அந்த இடத்தை விதி நிரப்பிக்கொள்ளும்.

விதியை விடக் கேவலமான ஒன்றும் நடக்கிறது. காருக்கோ வேனுக்கோ மலிவான பேடு போடச் சொன்னவர் முதலாளி. வீட்டில் உட்கார்ந்து போனில் "எது கம்மியோ அதைப் போட்டு அனுப்பு" என்றவர் அவர். வண்டி நிற்கவில்லை. கைவிலங்கு யாருக்கு? டிரைவருக்கு. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்குப் பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறை, 2024 ஜூலையில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை. மிதியை முழுசாக மிதித்தவர் உள்ளே போகிறார், மிதிக்குக் கீழே ஒன்றுமில்லாமல் செய்தவர் ஜாமீன் கையெழுத்துப் போட வந்து நல்ல பெயர் வாங்கிக்கொள்கிறார்.

ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் பையனை மறந்துவிட்டோம். டிரம்மைக் கழற்றி, கம்ப்ரஸர் காற்றைப் பாய்ச்சிக் கறுப்புத் தூசியை ஊதுகிறானே, அவனைத்தான் சொல்கிறேன். முகத்தில் துணிகூட இருக்காது. மலிவான பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்திருந்தால் அந்தத் தூசி அவன் நுரையீரலில் தங்கும். நோய் இருபது, முப்பது ஆண்டு கழித்து வரும், அப்போது எந்த வண்டி, எந்தப் பேடு என்று யாரிடம் கேட்பான்? ஐரோப்பிய ஒன்றியம் 2005லேயே கல்நாரைத் தடை செய்துவிட்டது. நாம் இன்னும் இறக்குமதி செய்கிறோம். கல்நார்த் தொழிலாளியின் உடல்நலக் குறிப்பைக் குறைந்தது 40 ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்று 1995இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அது ஆலைக்கு. நம் தெரு மூலையில் கார் அடியில் படுத்திருக்கும் பையனுக்குக் குறிப்பேடு வைத்திருப்பது யார்? கல்நார் இல்லாதது என்று அச்சடித்த லைனிங்கைக் கேட்டு வாங்குவது உங்கள் காருக்குச் செய்யும் உபகாரம் மட்டுமல்ல.

மெக்கானிக்கைத் திருடர் என்று நினைக்கும் பழக்கத்தையும் இங்கேயே விட்டுவிடுங்கள். ஏசி போட்ட ஷோரூமில் டை கட்டியவர் சொன்னால் நம்புகிறோம், கிரீஸ் கையோடு ஒருவர் சொன்னால் சந்தேகப்படுகிறோம். போட்டி ஆணையம் அபராதம் போட்டது கிரீஸ் கைகளுக்கு அல்ல. நல்ல மெக்கானிக் கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுப்பார், புதியதன் டப்பாவைக் காட்டுவார், கேட்காமலேயே பில் தருவார். கெட்டவர் பேச்சைக் கொடுப்பார். இந்த வேறுபாடு தெரிய எஞ்சினியரிங் படிக்க வேண்டியதில்லை, ஐந்து நிமிடம் அருகில் நிற்க வேண்டும். நாமோ சாவியைக் கொடுத்துவிட்டு "பாத்து பண்ணுங்க" என்று கிளம்பிவிடுகிறோம். பார்க்க வேண்டியது யார்?

2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் இந்தப் பொறுப்பைப் பற்றி யோசித்திருக்கிறது. உயிர்ப் பாதுகாப்புக்கு இன்றியமையாதது என்று அரசு அறிவித்த பாகத்தை விதிகளுக்கு ஒவ்வாத தரத்தில் விற்றால், ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அது கடைக்காரருக்கு. அதே சட்டத்தின் 190ஆம் பிரிவு, ஆபத்து விளைவிக்கும் குறையோடு வண்டியை ஓட்டுகிறவரையும் ஓட்ட விடுகிறவரையும் பிடிக்கிறது. குறை தெரிந்திருந்தால் மட்டுமல்ல, சாதாரணக் கவனம் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும் என்றாலே குற்றம். 'எனக்கு எப்படித் தெரியும்' என்ற வாசலைச் சட்டம் மூடிவிட்டது. விபத்து நடக்காதவரை அபராதம்தான் 1,500 ரூபாய், அதுவும் அதிகபட்சம். ஒரு ஜோடி நல்ல பேடின் விலைக்குப் பக்கத்தில் வருகிற தொகை. அவ்வளவுதானா என்று நீங்கள் நிம்மதியடைந்தால், சட்டத்திடம் பேசுவதை நிறுத்திவிட்டு உங்களிடம்தான் பேச வேண்டியிருக்கிறது: உங்கள் முன்சக்கரத்தில் இப்போது இருக்கும் பேடு யார் செய்தது? பில் எங்கே?